தல்பியா: 'வந்துவிட்டேன்' என்பதுதான் பொருளா?

அட்டைக்காரர்

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாஜிகள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன அட்டை தயாராகிறது. ஒரு பக்கம் தல்பியா (ஹஜ், உம்ராவில் சொல்லும் 'லப்பைக் அல்லாஹும்ம லப்பைக்' முழக்கம்), மறுபக்கம் பொருள். கையில் கிடைக்கிற புத்தகங்களில் எல்லாம் "இதோ வந்துவிட்டேன் இறைவா, வந்துவிட்டேன்" என்றுதான் இருக்கிறது. எனக்கு இடிப்பது இதுதான்: மக்காவையே இன்னும் எட்டாத மீக்காத்தில் (ஹஜ், உம்ரா தொடங்கும் எல்லையில்) 'வந்துவிட்டேன்' என்று தொடங்குகிறோம். உம்ராவில் கஅபாவுக்கு முன்னால் போய் தவாஃப் (கஅபாவைச் சுற்றுவது) தொடங்கும்போது, உண்மையிலேயே வந்துவிட்ட அந்த நேரத்தில், நிறுத்திவிடுகிறோம். பொருள் தப்பா, நான் புரிந்துகொண்டதுதான் தப்பா? தமிழ் எழுத்தில் அச்சடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நஹ்வுப் பிரியர்

வஅலைக்குமுஸ்ஸலாம். தப்பு என்று சொல்ல மாட்டேன், குறை. 'லப்பைக்' வருகையை அறிவிக்கிற சொல் இல்லை, கூப்பிட்ட குரலுக்குக் கொடுக்கிற பதில். முஆத் (ரலி) அவர்களின் ஹதீஸைப் பாருங்கள், புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நபி (ஸல்) "முஆதே" என்று கூப்பிட, அவர் "லப்பைக்க யா ரசூலல்லாஹ் வஸஃதைக்" என்கிறார். அப்போது அவர் இருந்தது அதே வாகனத்தில், நபியவர்களுக்குப் பின்னால்! ஏற்கெனவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எங்கிருந்து 'வருவது'?

சொல்லின் வேரும் இதையே காட்டும். 'அலப்ப பில்மகான்' என்றால் ஓரிடத்தைவிட்டு நகராமல் தங்கிவிடுவது. 'லப்பைக்' இருமை வடிவம். 'லப்பைன்' என்பதோடு 'க' (உனக்கு) சேரும்போது 'ன்' விழுந்துவிடும். அரபி இலக்கண அறிஞர் சீபவைஹியின் கருத்து இது. அவருடைய ஆசிரியர் யூனுஸ் இப்னு ஹபீப் அதை ஒருமை என்றார். இருமை என்பதற்காக 'சரியாக இரண்டு தடவை' என்று எடுக்கக் கூடாது. அரபியில் அது 'மேலும் மேலும்' என்பதற்கான வழக்கு. ஆக, "உன் அழைப்புக்குப் பதில் தருகிறேன், மீண்டும் மீண்டும் தருகிறேன், உன் கட்டளையிலேயே நிற்கிறேன்" என்பதுதான் முழுப்பொருள்.

அழைத்தது யார் என்றால், ஸூரா அல்ஹஜ் 27-ஆம் வசனம்: மக்களுக்கு ஹஜ்ஜை அறிவிக்குமாறு இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு வந்த கட்டளை. அந்த அறிவிப்புக்கான பதில்தான் தல்பியா என்பது முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) சொல்லும் விளக்கம். இப்படிப் பார்த்தால் உங்கள் முடிச்சு அவிழ்ந்துவிடும். பதில் சொல்வது வழியில். போய்ச் சேர்ந்தபின் சொல்லால் பதில் தேவையில்லை, அழைத்த வேலையைத் தொடங்க வேண்டியதுதான்.

ஏர்வாடிப் பக்கம்

மேலே சொன்னது சரி. ஆனால் தல்பியாவின் கனம் 'லப்பைக்'கில் மட்டும் இல்லை, 'லா ஷரீக்க லக்'கில் (உனக்கு இணை இல்லை) இருக்கிறது. நான்கு லப்பைக் வருகிறது, இரண்டு லா ஷரீக்க லக் வருகிறது. முடிவதும் அதில்தான். காரணம் உண்டு. இஸ்லாத்துக்கு முன்பும் மக்காவாசிகள் தல்பியா சொன்னார்கள். "லப்பைக் லா ஷரீக்க லக்" வரை இதே வாசகம்தான். அதற்குமேல் "இல்லா ஷரீக்கன் ஹுவ லக், தம்லிகுஹூ வமா மலக்" என்று ஒட்டுப் போடுவார்கள். அதாவது, 'ஒரே ஓர் இணை மட்டும் உனக்கு உண்டு. அவனுக்கும் அவனிடம் உள்ளதற்கும் நீயே சொந்தக்காரன்.' அவர்கள் "லா ஷரீக்க லக்" என்று சொல்லி முடித்ததுமே நபி (ஸல்) "கத், கத்" (போதும், போதும்) என்பார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் 1185. ஹிஜ்ரி 10-இல் நடந்த ஹஜ்ஜை விவரிக்கும் ஜாபிர் (ரலி), நபியவர்கள் தல்பியா தொடங்கியதை 'தவ்ஹீதைக் (ஏகத்துவத்தைக்) கொண்டு குரல் எழுப்பினார்கள்' என்றே சொல்கிறார். அட்டையில் ஒரு வரிதான் இடம் இருக்கிறது என்றால் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தஜ்வீத் வகுப்பு

அச்சு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து இங்கே நிறையக் காலை வாரும்.

முதலில், 'இன்னல் ஹம்த வன்னிஃமத்த லக்க வல்முல்க்' (புகழும் அருட்கொடையும் ஆட்சியும் உனக்கே) என்ற வரியில் வரும் 'நிஃமத்'. ஆய்தத்தைப் பார்த்ததும் நம் வாய் 'நிக்மத்' என்று போய்விடும். அரபியில் 'நிஃமத்' அருட்கொடை. காஃப் போட்டு 'நிக்மத்' என்றால் தண்டனை, பழிவாங்கல். 'புகழும் தண்டனையும் உனக்கே' என்று ஆகிவிடுகிறது! ஆய்தம் அங்கே நிற்பது 'ஐன்' எழுத்துக்காக. தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஒலி, 'க்' அல்ல. ஐன் வராதவர் 'நி' சொல்லி, தொண்டையைச் சற்றே இறுக்கி 'மத்' சொன்னாலும் 'க்'கைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து 'ஹம்த்'. இது தொண்டையிலிருந்து அழுத்தமாக வரும் ஹா. மெல்லிய ஹாவாகச் சொன்னால் அந்த வேர் 'நெருப்பு அணைந்துபோதல்' என்ற பொருளுக்குப் போகும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ஹ'தான், எழுதிக் காட்ட வழியில்லை, கேட்டுத்தான் பழக வேண்டும்.

'லப்பைக்'கில் இருப்பது 'அப்பா'வின் ப்ப இல்லை, 'ரப்பர்' என்று சொல்லும்போது வருகிற ப்ப. அரபியில் 'ப'வின் வல்லொலியே கிடையாது. 'லா'வை நீட்ட வேண்டும். குறிலாக்கினால் மறுப்பு போய்விடும், ஏனென்றால் அரபியில் குறில் 'ல' உறுதிப்படுத்துகிற சொல். 'ஷரீக்க', 'லக்க' என்று க் போட்டு எழுதுவது, ஒற்றைக் 'க' போட்டால் 'ஷரீஹ' என்று வாசித்துவிடுவார்கள் என்பதால்தான். உண்மையில் அங்கே இரட்டிப்பு இல்லை. 'வல் நிஃமத்' என்று பிரிக்காதீர்கள், 'வன்னிஃமத்த' என்று சேர்ந்தே வரும்.

'வல்முல்க்' என்ற இடத்தில் மூச்சுவிட்டு, பிறகு 'லா ஷரீக்க லக்' சொல்வதைப் பல உலமாக்கள் நல்லது என்கிறார்கள். 'இன்ன' என்பதை 'அன்ன' என்றும் ஓதலாம், இரண்டும் வந்திருக்கிறது. 'அன்ன' என்றால் 'புகழ் உனக்குரியது என்பதால் பதில் தருகிறேன்' என்று காரணமாகிவிடும். 'இன்ன' என்றால் தனி வாக்கியம், காரணத்தில் அடைபடாது. பெரும்பாலோர் எடுத்தது 'இன்ன'.

(தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் அச்சடித்த காலத்தில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. அது போகட்டும்.)

கொழும்பு ஷாஃபி

எப்ப தொடங்குறது, எப்ப நிறுத்துறது என்றதையும் அட்டையில போடுங்க, அதுலதான் ஆக்கள் கூட தடுமாறுறாங்க.

இஹ்ராம் துணி உடுத்தினதோட இஹ்ராம் (ஹஜ், உம்ராவுக்குள்ள நுழையுற நிலை) ஆகிடாது. ஷாஃபி மத்ஹபில நிய்யத்தே (மனசுல எண்ணுறதே) போதும், தல்பியா சுன்னத். ஹனஃபியில நிய்யத்தோட தல்பியாவோ அதுக்கு ஈடான திக்ரோ சொன்னாத்தான் இஹ்ராம் கூடும். மாலிகியில வாஜிப் (கட்டாயம்), விட்டா தம் (பரிகாரப் பலி) கொடுக்கணும். நேரா ஜித்தா போற விமானத்துல இறங்குறதுக்கு முன்னமே மீக்காத் எல்லை வந்துடும். அறிவிப்பு வரும்போது தூங்கிட்டிருந்தா போச்சு. நிய்யத் இல்லாம எல்லையைத் தாண்டி, திரும்பிப் போகாம ஜித்தாவுல இஹ்ராம் கட்டினா பெரும்பாலான உலமாக்கள்ட கருத்துப்படி ஒரு ஆடு தம். பயமிருந்தா கொஞ்சம் முந்தியே நிய்யத் வைக்கலாம், முந்தினதுக்குக் குற்றமில்ல.

நம்ம பக்கத்து ஹாஜிகள் கூடுதலா தமத்துஃதான் (முதல்ல உம்ரா, அதை முடிச்சுட்டு பிறகு ஹஜ்). அதுல தல்பியா ரெண்டு தடவை தொடங்கும். உம்ராவுக்கு மீக்காத்துல தொடங்கி தவாஃபோட நிற்கும். பிறகு துல்ஹஜ் 8-ல தங்குற இடத்துல ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டும்போது திரும்பத் தொடங்கும். மினா, அரஃபா, முஸ்தலிஃபா முழுக்க ஓடும். 10-ம் நாள் ஜம்ரத்துல் அகபாவுக்கு (மினாவுல கல்லெறியுற இடத்துக்கு) 7 கல்லுல முதல் கல்லை எறியும்போது நிற்கும், அதுக்குப் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் தக்பீர். உம்ராவுல நிறுத்தினதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு அரஃபாவுல வாய் திறக்காம இருக்கிறதுதான் பெரிய நஷ்டம்.

பஸ் ஏறும்போது, இறங்கும்போது, மேட்டுல ஏறும்போது, ஒரு கூட்டத்தைச் சந்திக்கும்போது, தொழுகைக்குப் பிறகு, இப்படி நிலை மாறுற ஒவ்வொரு இடமும் தல்பியாவுக்கு விசேஷம். மூணு தடவை சொல்லி, ஸலவாத்து ஓதி, சொர்க்கத்தைக் கேட்டு நரகத்துல இருந்து பாதுகாப்புத் தேடணும்.

அட்டைக்காரர்

எல்லாருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைர். 'நிக்மத்' விஷயம் தெரியாமலே அச்சுக்குக் கொடுத்திருப்பேன். பெண்களுக்கு ஏதாவது மாற்றி எழுத வேண்டுமா? ஹைளு (மாதவிடாய்) நேரத்தில் சொல்லலாமா?

ஏர்வாடிப் பக்கம்

வாசகம் ஒன்றேதான். ஆண்கள் குரலை உயர்த்த வேண்டும், பெண்கள் தமக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும். ஹைளிலும் தாராளமாகச் சொல்லலாம், இஹ்ராமும் கட்டலாம். "ஹாஜி செய்வதையெல்லாம் செய், கஅபாவைத் தவாஃப் மட்டும் செய்யாதே" என்று ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சொல்லப்பட்டது. சுத்தமாகும் வரை தவாஃபுக்குக் காத்திருக்கும்போது உம்ராவின் தல்பியாவும் தொடரும், ஏனென்றால் அது நிற்பதே தவாஃபில்தான்.

தஜ்வீத் வகுப்பு

அட்டைக்கு இப்படிப் போடுங்கள், கோடு இருக்கும் இடத்தில் மூச்சு:

லப்பைக் அல்லாஹும்ம லப்பைக் | லப்பைக் லா ஷரீக்க லக்க லப்பைக் | இன்னல் ஹம்த வன்னிஃமத்த லக்க வல்முல்க் | லா ஷரீக்க லக்

'நிஃமத்த' என்பதற்கு நேர் கீழே சின்ன எழுத்தில் "க் அல்ல" என்று சேர்த்துவிடுங்கள். அரபி எழுத்தையும் மேலே போடுங்கள். தமிழ் வரி அதற்குத் துணைதான்.