டர்பன் செயின்ட் எய்டன்ஸ்: கட்டினது சபையா, சனமா?

வெருலம்_சண்முகம்

1860-ல் நம் முன்னோர் முதன்முதலாகத் தென்னாப்பிரிக்காவில் இறங்கிய நாளான நவம்பர் 16-க்கு நம்ம தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் வைக்கப்போகிற கண்காட்சிப் பலகைகளில் ஒன்று செயின்ட் எய்டன்ஸ் மருத்துவமனையைப் பற்றியது. அதன் வரைவு இப்படி வந்திருக்கிறது: "ஆங்கிலிக்கன் சபை ஏழை இந்தியர்களுக்காகக் கட்டிய தர்ம ஆஸ்பத்திரி. காந்தி இங்கே நர்ஸாகத் தொண்டு செய்தார்."

இரண்டே வாக்கியம், முதல் வாக்கியமே எனக்கு ஏற்பில்லை. 1890-களின் கடைசியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைத் திறக்க முடிந்ததே பார்சி ருஸ்தம்ஜியின் தர்மப் பணத்தால்தான். இதைக் காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதன் பொறுப்பில் இருந்த டாக்டர் பூத் இரக்கமுள்ளவர், காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர், அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் பணம் கொடுத்தவர் டர்பன் வியாபாரி, அதுவும் கிறிஸ்தவர் அல்லாதவர். "சபை கட்டியது" என்று பலகையில் போட்டால் பிள்ளைகள் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வரியை மாற்றணும்.

ஜெசிந்தா_கிளேர்வுட்

சண்முகம் அண்ணா, ருஸ்தம்ஜியின் பெயர் விட்டுப்போனது தவறுதான், சேர்க்க வேண்டும். அதற்காகச் சபையை எடுத்துவிட முடியாது.

லான்ஸலட் பூத் முதலில் நேட்டாலில் (டர்பன் இருக்கிற அன்றைய பிரிட்டிஷ் காலனி) அரசு மருத்துவராக இருந்தவர். பிறகுதான் குருப்பட்டம் பெற்று இந்தியர்களுக்கான செயின்ட் எய்டன்ஸ் மிஷனுக்குத் தலைவரானார். ருஸ்தம்ஜி பணம் தருவதற்குப் பல வருடம் முன்பே அந்த மிஷன் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, தமிழ் பேசும் உபதேசியார்கள் இருந்தார்கள், நோயாளிகள் பூத்தைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். ருஸ்தம்ஜி ஏன் தன் பணத்தை வேறு எங்கும் கொடுக்காமல் பூத்தின் பொறுப்பில் கொடுத்தார்? அங்கே ஒரு டாக்டரும் நம்பிக்கையும் ஏற்கெனவே இருந்ததால்தான். மதம் வேறாக இருந்தும் அந்தப் பணம் ஒரு குருவானவரின் கைக்குப் போனது. பலகையில் வர வேண்டிய செய்தி அதுதான் என்பேன்.

பழைய_கம்பவுண்டர்

இரண்டாவது வாக்கியத்தையும் கவனியுங்கள். காந்திக்கு நர்ஸ் வேலை செய்ய ஆசை இருந்தது என்பது சரி. செய்தது மருந்து கொடுக்கிற வேலை. தினமும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். நோயாளியிடம் என்ன கோளாறு என்று கேட்பது, கேட்டதை டாக்டரிடம் சொல்வது, டாக்டர் எழுதித் தருகிற மருந்தைக் கலந்து கொடுப்பது. நம் ஊர் வழக்கில் அது கம்பவுண்டர் வேலை.

அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அந்தக் காலத்து மருந்து பெரும்பாலும் மிக்ஸ்சர், அதாவது கலக்கித் தருகிற தண்ணீர் மருந்துதான். 8 அவுன்ஸ் பாட்டில், சுமார் 227 மில்லி. பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டுவார்கள், ஒரு பல் ஒரு வேளை. வேளைக்கு ஒரு அவுன்ஸ், நாளுக்கு மூன்று வேளை என்றால் மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் பாட்டில் காலி. நோயாளி திரும்ப வந்தே ஆகணும். ஊருக்குள்ளேயே குடியிருப்பவனுக்கு அது பெரிய காரியமில்லை. தோட்டத்து ஆளுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும்.

தப்பு நடக்கிற இடங்களும் தெளிவு. குவினைன் சல்பேட் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது, நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு விட்டுக் கரைக்கணும். விடாவிட்டால் மருந்து அடியில் தங்கும், முதல் வேளைகளில் காய்ச்சல் இறங்காது. இதைவிட மோசம், ஸ்ட்ரிக்னின் டானிக்கையும் பொட்டாசியம் புரோமைடையும் ஒரே பாட்டிலில் சேர்ப்பது. ஸ்ட்ரிக்னின் மெதுவாகப் படிந்து அடிக்கு வந்துவிடும். ஆறு ஏழு வேளை ஒன்றும் ஆகாது, கடைசி வேளையில் மொத்த விஷமும் ஒரே வாயில் போகும். மருந்தியல் வகுப்பில் இன்றைக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. அதனால் "குலுக்கிக் குடி, பட்டையைப் பார்த்துக் குடி" என்று நோயாளிக்கு விளங்குகிற பேச்சில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தக் கூலிகள், அதாவது ஐந்து வருட ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவர்கள். காந்திக்குத் தமிழ் அரைகுறைதான். பக்கத்தில் நின்று மொழி பெயர்த்துச் சொன்னவர்களும் அந்த மருத்துவமனையின் வேலையாட்களே. பலகையில் "மருந்து கலந்து கொடுத்தார்" என்று போடுங்கள், "நர்ஸ்" வேண்டாம்.

வெருலம்_சண்முகம்

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. மாற்றிவிடலாம்.

ஜெசிந்தா, ஒரு கேள்வி. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆளுக்கு வைத்தியம் பார்க்கிற பொறுப்பு முதலாளியுடையது, சட்டமே அப்படித்தான். ஐந்து வருடம் முடித்து வெளியே வந்தவனுக்குத்தான் நாதி இல்லை. அப்படியானால் செயின்ட் எய்டன்ஸ் சுதந்திர இந்தியர்களுக்கான இடம். அவர்களுக்கு அவர்களுடைய சனமே பணம் போட்டுச் செய்துகொண்டது. சபை இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஆவணப்பெட்டி

சண்முகம், அங்கே உங்கள் கணக்கு உதைக்கிறது. கம்பவுண்டர் ஐயா இப்போதுதான் சொன்னார், வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள் என்று. காந்தி எழுதியிருப்பதும் அதுவே. முதலாளி வைத்த வைத்தியம் சரியாக நடந்திருந்தால் அவர்கள் ஏன் டவுனில் உள்ள மிஷன் டாக்டரிடம் வரணும்?

1894-ல் பாலசுந்தரம் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி அடித்ததில் இரண்டு பல் உடைந்து, கையில் தலைப்பாகையோடு காந்தி ஆபீசுக்கு வந்த தமிழர். காந்தி முதலில் செய்த காரியம், அவரை ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கியது. அதை வாங்கிய பிறகுதான் மாஜிஸ்திரேட். அன்றைக்கு வெள்ளைக்கார டாக்டர்கள் மட்டுமே கிடைத்தார்கள். எழுத்தில் காயம் பதிவாகாவிட்டால் கூலியின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இல்லை. முதலாளியின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒரு டாக்டர் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து பார்க்கலாம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் வருடம் 14 ஷில்லிங் வாங்குகிறவன் காசு கொடுத்து அப்படி ஒருவரைத் தேடிப்போக முடியாது. பூத் இலவசமாகப் பார்த்ததை "இடம் கொடுத்தது, அவ்வளவுதான்" என்று தள்ளுவது நியாயமில்லை.

ஜெசிந்தா_கிளேர்வுட்

அதோடு 1899-ஐயும் சேருங்கள். போயர் யுத்தத்தில் (பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சத்துப் போயர்களுக்கும் நடந்தது) காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை புறப்பட்டபோது ஊக்கம் கொடுத்து, காயம்பட்டவர்களைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தவர் பூத். படையோடு போனவரும் அவரே.

வெருலம்_சண்முகம்

அந்தப் படையிலும் இதே கதைதான் ஜெசிந்தா. சுமார் 1,100 பேர். அதில் ஏறக்குறைய 40 பேர் தலைவர்கள். சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர்கள், மற்றவர்கள் எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியன் கோப் போர்க்களத்துப் பக்கம் நாளுக்கு 20, 25 மைல் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி நடந்தார்கள். யுத்தப் பதக்கம் தலைவர்களுக்கு. தூக்கினவர்களில் எத்தனை பேர் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி விஷயத்திலும் நான் கேட்பது அதுதான். குருவானவர் பெயர் நிற்கிறது, வியாபாரி பெயர் பாதி நிற்கிறது, மற்றவர்கள் போய்விட்டார்கள்.

நளினி_ஓவர்போர்ட்

இரண்டு பேரும் திறப்பு விழாவையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். மருத்துவமனையைத் திறப்பது ஒரு தடவை ஆகிற செலவு. அதற்கப்புறம் மாசா மாசம் சம்பளம், மருந்து, சோறு, துணி வெளுப்பு. "யார் நிறுவினார்" என்பதோடு "யார் நடத்தினார்" என்பதையும் பலகையில் கேட்கணும்.

டர்பனிலேயே ஒப்பிட ஒரு இடம் இருக்கிறது, மெக்கார்ட் மருத்துவமனை. அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தின் மிஷனரியான டாக்டர் ஜேம்ஸ் மெக்கார்ட் முதலில் பீட்ரிஸ் ஸ்ட்ரீட்டில் மருந்தகம் நடத்தினார். பிறகு, அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் எதிர்த்தும் விடாமல், 1909-ல் பெரேயா மேட்டில் மருத்துவமனை திறந்தார். அது ஜூலு மக்களுக்கென்று தொடங்கியது, இந்தியர்களும் போனார்கள். அங்கே இலவசம் கிடையாது, நோயாளிகள் கட்டணம் கட்டினார்கள். டாக்டரின் சம்பளம் அமெரிக்காவிலிருந்து வந்தது, மருத்துவமனை பெரும்பாலும் கட்டணத்தில் ஓடியது. வந்த நோயாளிகளோடு பேசி, நம்பிக்கை உண்டாக்கி, டாக்டருக்கு மொழி பெயர்த்தவர் கேட்டி மகான்யா. கறுப்பினப் பெண்களின் தலைவியாக இருந்த சார்லட் மக்செகேயின் தங்கை. அவர் இல்லாமல் மெக்கார்ட் என்ற டாக்டர் அந்த மக்களிடம் எடுபட்டிருக்க மாட்டார். கறுப்பினப் பெண்களுக்கு அங்கேயே நர்ஸ் பயிற்சி தொடங்கியது இன்னொரு தூண். பயிற்சி மாணவிகள்தான் வார்டு வேலையில் பெரும்பங்கைச் செய்வார்கள், அந்த உழைப்புதான் செலவைக் கட்டுக்குள் வைக்கும்.

மெக்கார்டுக்குப் பிறகு 1940-ல் பொறுப்பேற்ற டாக்டர் ஆலன் டெய்லரின் பெயர்தான் மருத்துவக் கல்லூரி மாணவர் விடுதிக்கு. 1951-ல் டர்பனில் கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்களுக்கு அந்தக் கல்லூரி திறந்ததற்குப் பின்னால் மெக்கார்ட் தொடங்கி வைத்த நீண்ட முயற்சி இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே படித்து டாக்டரானார்கள்!

வெருலம்_சண்முகம்

நளினி அக்கா, அந்த மெக்கார்டே கடைசியில் மாகாண அரசின் கைக்குத்தானே போனது? சபை நடத்தும் என்று நம்பினால் இப்படித்தான் ஆகும்.

நளினி_ஓவர்போர்ட்

எப்படிப் போனது என்று பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக மெக்கார்டில் சினிகிதெம்பா என்ற திட்டம் தொடங்கியது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்துகிற ஏ.ஆர்.வி. மருந்துத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்ததே 2003 நவம்பரில். அரசு தயங்கிய அந்த வருடங்களில் டர்பனில் ஆட்களைத் தாங்கிப் பிடித்த இடங்களில் இது ஒன்று. அதற்கு அமெரிக்க உதவிப் பணம் வந்தது. ஆனால் அந்த மாதிரிப் பணம் ஒரு நோய்க்கென்று வருவது. அதை வைத்துப் பிரசவ வார்டு நர்ஸுக்குச் சம்பளம் போட முடியாது. பொது வார்டுகள் மாகாண மானியத்தில் நின்றன.

சிக்கல் அங்கேதான். 2007-ல் அரசு நர்ஸுகளுக்குப் புதுச் சம்பள அமைப்பு வந்தது. பக்கத்து அரசு மருத்துவமனையில் சம்பளம் ஏறினால் மிஷன் மருத்துவமனையும் ஏற்றணும், இல்லாவிட்டால் அனுபவமுள்ள சிஸ்டர்கள் போய்விடுவார்கள். மானியம் அதே வேகத்தில் ஏறாவிட்டால் கட்டணத்தை உயர்த்தணும், உயர்த்தினால் ஏழை நோயாளி வரமாட்டார், படுக்கை காலியாகும், வருமானம் இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டிய இடம் ஒரு கடிதத்தில் விழுந்துவிடும். மாகாணம் மானியத்தை நிறுத்துவதாக 2012-ல் சொன்னது, 2014-ல் மருத்துவமனை அரசு வசம் போய், இன்றைக்கு மெக்கார்ட் மாகாண கண் மருத்துவமனையாக இருக்கிறது. நிற ஒதுக்கல் சட்டங்களை எல்லாம் தாண்டி வந்த இடம், சம்பளப் பட்டியலைத் தாண்ட முடியவில்லை. எனக்கு அது பெரிய துக்கம்.

ஜெசிந்தா_கிளேர்வுட்

சண்முகம் அண்ணா சொல்கிற "சனமே கட்டியது" என்பதற்கு முழுப் பொருத்தமான இடம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறது. காந்தி பூத்தின் மருந்தறையில் நின்ற அந்த மணி நேரங்களில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவருடைய வழக்குகளை ஏற்று நடத்தச் சம்மதித்தவர் வக்கீல் கான். அவர் எழுதி வைத்த சொத்தில் உருவான டிரஸ்டின் முயற்சியில் எழுந்ததுதான் 1969-ல் திறந்த ஆர்.கே. கான் மருத்துவமனை. அதற்குச் சபை தொடர்பே இல்லை. அந்தப் பலகையில் நீங்கள் தாராளமாகச் "சனம்" என்று போடுங்கள், முதல் ஆளாக நான் கை தட்டுவேன். செயின்ட் எய்டன்ஸ் அப்படி அல்ல.

பழைய_கம்பவுண்டர்

அருமையான தொடர்பு அம்மா. ஒரு இளம் வக்கீல் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டதால் இன்னொரு வக்கீல் மருந்து கலக்க முடிந்தது. இதைப் பலகையில் சேர்க்க இடம் உண்டா?

ஆவணப்பெட்டி

இடம் உண்டு, நர்ஸ் வரியை எடுத்தால்.

சண்முகம் "மற்றவர்கள் போய்விட்டார்கள்" என்றதற்கு ஒரு வழி சொல்கிறேன். மருத்துவமனைப் பக்கத்திலிருந்து தேடாதீர்கள், ஆளிடமிருந்து தொடங்குங்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் வந்த 152,184 பேருக்கும் காலனி எண் (குடியேற்றப் பதிவு எண்) உண்டு. பாட்டனுடைய பழைய பாஸ் (அனுமதிச் சீட்டு), கல்யாணப் பதிவு, மரணப் பதிவு எதிலாவது அந்த எண் இருக்கும். அதை வைத்துக் கப்பல் பட்டியலைப் பார்த்தால் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, ஊர், உடல் அடையாளம் கிடைக்கும். எண் தெரியாவிட்டால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது, ஒரே முனிசாமி நாலு எழுத்துக்கூட்டலில் இருப்பார். ஊரையும் கப்பலையும் சேர்த்துத் தேடுங்கள். வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தொடங்கி, பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றக் கோப்புகளுக்குப் போங்கள். அடிபட்டவர்கள் கொடுத்த புகார்கள் அங்கேதான் இருக்கின்றன. பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனா அனுமதிக்க மாட்டார்கள்.

பலகைக்கு என் வரைவு:

"செயின்ட் எய்டன்ஸ் ஆங்கிலிக்கன் மிஷனின் டாக்டர் லான்ஸலட் பூத் இந்தியர்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். 1890-களின் கடைசியில் பார்சி ருஸ்தம்ஜியின் தர்மப் பணத்தால் அவர் பொறுப்பில் சிறிய மருத்துவமனை திறந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தக் கூலிகள். காந்தி தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் இங்கே மருந்து கலந்து கொடுத்தார். அந்த நேரத்தில் அவருடைய கோர்ட் வழக்குகளைப் பார்க்க முன்வந்தவர் வக்கீல் கான்."

வெருலம்_சண்முகம்

ருஸ்தம்ஜியை முதல் வாக்கியத்துக்குக் கொண்டுவாருங்கள், சம்மதிக்கிறேன்.

ஜெசிந்தா_கிளேர்வுட்

காலவரிசைப்படி பூத்தான் முன்னால். அதை மாற்றினால் நான் சம்மதிக்க மாட்டேன்.

நளினி_ஓவர்போர்ட்

வரிசை இப்படியே இருக்கட்டும், இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சடியுங்கள். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பணும். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன்: "மருந்து குடிக்கும் முறையை நோயாளிகளின் மொழியில் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்கள் இந்தப் பலகையில் இல்லை. உங்கள் குடும்பத்தில் யாராவது அங்கே வேலை செய்திருந்தால் மேசையில் உள்ள நோட்டில் பெயரும் காலனி எண்ணும் எழுதுங்கள்." நோட்டும் பேனாவும் நான் வைக்கிறேன்.