நொச்சியரை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

மஞ்சக்குப்பத்திலிருந்து, கதை சொல்பவன்:

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் கூடிப் பகடை உருட்டிக் கதை ஆடி வந்தோம். போன மாதம் அந்தக் கதை முடிந்தது. முடிந்த பிறகு பேசிப் பார்த்தால் ஆளுக்கொரு நொச்சியர் மனசில் தங்கியிருக்கிறார். அதனால் இந்த இழை. நீங்கள் சந்தித்தவரைப் பற்றி எழுதுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கதை சொல்வேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "என்ன செய்யப் போறே?" என்று கேட்பேன், சொல்வார்கள், அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். 1974ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி வைத்த வகை ஆட்டம். அதில் வரும் எல்ஃப், டுவார்ஃப் என்ற ஐரோப்பியக் கற்பனை இனங்கள் எங்கள் வாயில் ஒட்டவே இல்லை. கெடிலக்கரையில் வளர்ந்தவன் எல்ஃப் மாதிரிப் பேசினால் சிரிப்புதான் வருகிறது.

நொச்சியர் என் கற்பனை. பழைய இலக்கணத்தில் கோட்டையை முற்றுகையிடுபவன் சூடுவது உழிஞை, உள்ளே நின்று காப்பவன் சூடுவது நொச்சி. அந்தப் பூவையே குலப்பெயராக வைத்துக்கொண்ட ஒரு மறக்குடி, கோட்டை பறிபோன பிறகு எப்படிப் பிழைக்கும்? கதைக்கு விதை இதுதான். கடல் வழியாக வந்த கப்பல்காரர்கள் கோட்டைக்குள் நுழைந்த மறுநாளே நொச்சிப் பூச் சூடக் கூடாது என்று தண்டோரா போடுகிறார்கள். இலையைத் தடை செய்யத்தான் முடியவில்லை. சளிக்கு ஆவி பிடிக்க அதுதான், கொசுவுக்குப் புகை போட அதுதான், நெல்லில் பூச்சி அண்டாமல் போட்டு வைப்பதும் அதுதான். ஆக, அந்தி சாய்ந்தால் ஊர் முழுக்க நொச்சிப் புகை எழும்பும். கப்பல்காரத் தளபதி தன் குறிப்பில் "இங்கே கொசு அதிகம்" என்று எழுதிக்கொள்கிறான்.

ஒவ்வொரு நொச்சியருக்கும் பத்து செருக்குப் புள்ளி கொடுத்திருந்தேன். ஓர் அவமானத்தை விழுங்கினால் ஒன்று குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் சாவு கிடையாது, கப்பல்காரன் படையில் சிப்பாயாகப் போய்ச் சேர வேண்டியதுதான். இந்த விதியை எழுதிய அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமை. அது எப்படி உடைந்தது என்பதை லாஸ்பேட்டைக்காரர் எழுதட்டும். நான் எழுதினால் சாக்குச் சொல்வது போல இருக்கும்.

குண்டு உப்பலவாடியிலிருந்து:

எனக்கு முதல் நாளே தூக்கிவாரிப் போட்டது. மலைக்கோட்டையில் ஒரு ராஜா, சுற்றி எதிரிப் படை, கையில் காசில்லை. கடலோரத்தில் இருக்கும் சின்னக் கோட்டையைக் கப்பல்காரர்களுக்கு விற்கிறார். நிலத்துக்கு எல்லை? கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரம். கதை சொல்லும் அண்ணன் இதைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன். "அண்ணா, இது எங்க ஊர் கதை!"

உண்மையிலேயே எங்கள் ஊர் கதைதான். 1690ல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. அதே வருடம் முகலாயப் படை செஞ்சியை வளைத்துக்கொண்டது, 1698 வரை விடவில்லை. குண்டு விழும் தூரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், நல்ல பீரங்கியும் கைதேர்ந்த ஆளும் வைத்திருப்பவனுக்கு நிலம் கூடும், வாங்கியவர்களுக்கு அது தெரியாதா என்ன! அப்படி வாங்கிய கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. குண்டு விழுந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் அந்தக் குண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. விற்றவரும் இந்த ஊர்க்காரர் இல்லை, வாங்கியவரும் இல்லை. நடுவில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை.

கதையில் நான் ஆடு மேய்க்கிற நொச்சிப் பெண். வானத்தில் ஒரு சத்தம், பின்னால் வயலில் குண்டு புதைகிறது. என்ன செய்யப் போகிறாய் என்று அண்ணன் கேட்டார். அரிவாளை எடுப்பேன் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ராத்திரி வந்து குண்டைத் தோண்டி எடுத்து, கோட்டைப் பக்கமா ரெண்டு மைல் உருட்டிக்கிட்டுப் போய்ப் போட்டுடறேன்" என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பகடையை நீட்டினார். 17 விழுந்தது. மறுநாள் சங்கிலி பிடித்து அளந்தவர்கள் குண்டு கிடந்த இடத்தோடு நின்றுவிட்டார்கள், மூன்று ஊர் தப்பியது. எனக்கு நடுகல் வேண்டும் என்று கேட்டேன். "நடுகல் செத்தவங்களுக்குத்தான்" என்றார். சரி, செத்த பிறகு வையுங்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். வைத்தார்கள், கல்லில் ஆடும் இருந்தது.

முத்தியால்பேட்டையிலிருந்து:

நான் வாள் பிடிக்கவே இல்லை. என் பாத்திரம் துபாஷி, இரண்டு பக்கத்துக்கும் பேச்சை மொழிபெயர்ப்பவன். புதுச்சேரிக்காரனுக்கு வேறு எது வரும்? பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தாரே, அவரைப் பார்த்து என் ஆளுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். பிள்ளை இறந்தது 1761 ஜனவரியில், பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு. அந்தக் கடைசி நாட்களை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்யும்.

நான் சந்தித்தவர் நொச்சியரின் மூத்த கிழவர். கப்பல்காரத் தளபதி அவரைக் கூப்பிட்டனுப்பி வரி கேட்கிறான். கிழவர் என்னைப் பார்த்துச் சொல்கிறார்: "இவன் தாடி எங்க வெள்ளாட்டுத் தாடியை விடச் சின்னது. அதுக்கே நான் கப்பம் கட்டினதில்லைன்னு சொல்லு." தளபதி என் வாயையே பார்க்கிறான். கையில் துப்பாக்கி.

நான் மொழிபெயர்த்தேன்: "பெரியவர் தங்கள் நலம் விசாரிக்கிறார். வீட்டில் ஆடுகள் நலம் என்கிறார்."

தளபதிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு நல்ல கிடாவைப் பிடித்துக் கிழவருக்குப் பரிசாகக் கொடுக்கச் சொன்னான். கிழவர் கிடாவைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு வாசலில் நின்று ஊரைக் கூட்டி, "கப்பம் கட்டிட்டான்" என்றார். இரண்டு பேர் கௌரவமும் தப்பியது. செருக்குப் புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. வரிப் பாக்கியை என் நோட்டில் எழுதி, பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் முறைக்கிறேன். முதல் வருடம் நொச்சியர் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தார்கள். எப்போது பார்த்தாலும் மானம், மார்பில் புண், புறமுதுகு காட்டாத பாட்டன். ஒருத்தருக்காவது பல்வலி வரக் கூடாதா?

நம் பழக்கம் இது. செஞ்சி தேசிங்கு 1714ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, இளம் வயதில் செத்துப்போனான். புந்தேலா ராஜபுத்திரன். அவன் அப்பா முகலாயர் காலத்தில் செஞ்சிக்குத் தலைவராக வந்தவர். அப்படிப் பார்த்தால் அவனும் வெளியூர்தான். ஆனால் இந்தப் பக்கத்துப் பாட்டிலும் கூத்திலும் அவன் நம் வீட்டுப் பிள்ளை. ஜெயித்தவருக்கு நான் கேட்ட வரை பாட்டு இல்லை. தோற்றவனைப் பாடுவது அழகுதான். என்ன, பாடப் பாட அவன் ஒரு தப்பும் செய்யாதவன் ஆகிவிடுகிறான். நொச்சியரும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தார்கள். பிறகு சரியானது. அதற்குக் காரணம் கதை சொன்னவர் இல்லை.

வில்லியனூரிலிருந்து:

கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் எல்லாரும் ஆயுதம் தீட்டிக்கொண்டு போனோம். மூன்று வருடம் காத்திருந்த போர் ஆயிற்றே. அண்ணன் ஒரு பாயை விரித்து, நடுவில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்தார். போர் இல்லை, வாக்கெடுப்பு என்றார். கப்பல்காரர்கள் போவதா இருப்பதா என்று ஊர்ப் பிரதிநிதிகள் சீட்டுப் போட வேண்டும். சிலருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கு ஆகவில்லை, கீழூர் எங்களுக்குப் பக்கம். 1954 அக்டோபர் 18ம் தேதி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்காக அங்கே கூடிய பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேர 170, எதிர்த்து 8. நவம்பர் 1ம் தேதி ஆட்சி கை மாறியது.

சின்ன வயதில் அந்த நினைவிடத்துக்கு அழைத்துப் போனபோது 170 என்பதைத்தான் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்த எட்டுப் பேரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அண்ணன் என் காதில் சொன்னார்: "எட்டுப் பேர்ல நீ ஒருத்தன். ஏன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

என் பாத்திரத்தின் அம்மா ஒரு சிப்பாயின் விதவை. கப்பல்காரன் கொடுக்கும் பென்ஷனில் மூன்று தங்கைகள் சாப்பிடுகிறார்கள். போகிறவன் பென்ஷனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால்? எனக்கும் நொச்சிப் பூ பிடிக்கும். ஆனாலும் "இருக்கட்டும்" என்று எழுதிப் போட்டேன். வெளியே வந்தபோது ஆட்டத்தில் என் கூட்டாளிகளே என்னோடு பேசவில்லை, டீ குடிக்கும்போதும்தான். லாஸ்பேட்டைத் தாத்தா இல்லாவிட்டால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

லாஸ்பேட்டையிலிருந்து:

சரி, தாத்தா கதை. இரண்டாவது வருடம், மழைக்காலம். மாடியில் உட்கார முடியாமல் ஆட்டத்தை எங்கள் வீட்டு ஹாலுக்கு மாற்றியிருந்தோம். தாத்தாவுக்கு 88 வயது. எங்கள் தெருவில் அவரை இன்னும் "சொல்தா" என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். 1962 ஆகஸ்ட் 16ம் தேதி புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தவர். ஜூலை 14 வந்தால் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர் நினைவுச்சின்னத்துக்குப் போவார். விடுதலை கேட்டவர்களோடு பிரான்ஸ் போர் நடத்திய அல்ஜீரியாவில் இருந்தார் என்று தெரியும். அங்கே என்ன செய்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குக் கதையில் ஓர் இளைஞனின் செருக்குப் புள்ளி பூஜ்யமாகி, தலைகுனிந்து சிப்பாயாகச் சேரப் போகிறான். அண்ணன் குரலைத் தழைத்து, சோகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து தாத்தா கேட்டார்:

"தம்பி, சம்பளம் எந்தத் தேதி?"

"சம்பளமா தாத்தா? மாசாமாசம்..."

"தேதியைக் கேட்டேன்."

அண்ணனிடம் பதில் இல்லை. முந்நூறு பக்கம் எழுதி வைத்திருக்கிறார், கப்பல்காரர்களின் கொடியில் எத்தனை கோடு என்பது வரை. சம்பளத் தேதி இல்லை. "தேதி தெரியாம ஒருத்தனும் போய்ச் சேரமாட்டான்" என்றார் தாத்தா. பிறகு அந்தப் பூஜ்யம் என்ன கணக்கு என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் பொறந்த தெருவுல இருந்து பெரிய தெருவுக்குப் போனா செருப்பைக் கையில எடுத்துக்கணும். பட்டாளத்துல இருந்து மொத லீவுல வந்தப்ப அதே தெருவுல பூட்ஸோட நடந்தேன். ஒருத்தனும் வாயைத் திறக்கலை. அன்னிக்கு எனக்கு எத்தனை புள்ளி போடுவே?"

யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தாத்தா விடவில்லை. "உங்க நொச்சியர்ல பூ வெச்சுக்க விடாத ஆளுங்க யாரும் இல்லையா? எல்லாருமே பூ வெச்சவங்கதானா?"

அண்ணன் நோட்டைத் திறந்து எதையோ அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் தாத்தாவையே ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு ஒரு நொச்சிச் சிப்பாய், பூச் சூட உரிமையில்லாத தெருவிலிருந்து வந்தவன். நன்றாகவே ஆடினார். பூட்ஸுக்கு எண்ணெய் போடுவது, குடிநீரை எப்படி மிச்சம் பிடிப்பது என்று எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார். அண்ணனுக்கு அல்ஜீரியா விஷயம் தெரியாது. ஏற்கெனவே எழுதி வைத்திருந்தபடி கதையைக் கொண்டுபோனார். நொச்சிப் படையைக் கடல் தாண்டி ஒரு மலைநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் ஒரு மறக்குடி, அவர்களுக்கும் ஒரு பூ, அதையும் தடை செய்திருக்கிறார்கள். ஊர் மந்தையில் கூட்டம் நிற்கிறது. கேப்டன் "சுடு" என்கிறான்.

"பகடையைப் போடுங்க தாத்தா."

தாத்தா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். "போடாம இருக்கலாமா?"

"இருக்கலாம். போடலைன்னா சுடலைன்னு ஆகும். ஆனா கேப்டன் உங்களை..."

"கேப்டனை நான் பாத்துக்கறேன்."

பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாப்பாட்டு நேரமாச்சு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஆட்டத்துக்கு வரவில்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து, கதை சொல்பவன்:

செருக்குப் புள்ளி விதியை அந்த வாரமே எடுத்துவிட்டேன். நொச்சியரில் பூ வைத்துக்கொள்ள விடப்படாத நான்கு தெருக்கள் வந்தன, பிறகு கதை முழுக்க அவர்கள் பக்கமே ஓடியது. சிப்பாய்ச் சம்பளம் ஐந்தாம் தேதி. ஆறாம் தேதி ஆனால் படையில் முணுமுணுப்பு தொடங்கும், அதற்குத் தனி அட்டவணை போட்டிருக்கிறேன், வேண்டுபவர்கள் கேளுங்கள்.

தாத்தா பையில் போட்டுக்கொண்ட அந்தப் பச்சைப் பகடை பற்றிப் போன வாரம் லாஸ்பேட்டைக்காரரிடம் கேட்டேன். சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் தாத்தா அதை எடுத்து அடுத்த சட்டைப் பைக்கு மாற்றிக்கொள்கிறாராம். நான் புது செட் வாங்கிவிட்டேன்.