அப்பாவுக்கு நாலு ஓட்டு, எனக்கு நோட்டா. இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

கொடுமுடிக்காரி:

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1033 பேர் போட்டியிட்டது உங்களில் பலருக்குப் பொது அறிவுக் கேள்வியாகத் தெரிந்திருக்கும். அந்த 1033 பேரில் ஒருவர் என் அப்பா.

விவசாயிகள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, ஆளாளுக்கு மனு போட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பேசி இறங்கினார்கள். டெபாசிட் அப்போது 250 ரூபாய். மஞ்சள் விற்ற காசில் கட்டினார். "அதுக்கு ஒரு ஆட்டுக்குட்டி புடிச்சிருக்கலாம்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்துக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஓட்டு இல்லை, பிளஸ் டூ முடித்திருந்தேன். உள்ளே போன அப்பத்தா வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் அப்பாவிடம், "உம்பேரத் தேடி கண்ணு பூத்துப்போச்சுடா, கடைசில கெடச்ச பக்கத்துல குத்திட்டு வந்துட்டேன்" என்றார்.

அப்பாவுக்கு விழுந்தது நாலு ஓட்டு. எங்கள் வீட்டில் மட்டும் ஆறு ஓட்டு இருந்தது. ஆனாலும் 88 பேருக்கு ஒன்றுகூட விழவில்லை என்பதால் அவர் தலை நிமிர்ந்துதான் நடந்தார்.

அப்புறம் என்ன ஆனது? அதே வருடம் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். இப்போது 10,000. சுயேச்சை என்றால் முன்மொழியப் பத்துப் பேர் வேறு வேண்டும். குறையைக் கேட்டார்களோ இல்லையோ, கேட்ட வாயை அடைக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பா கடைசிவரை சொல்லிச் சிரித்தது இதைத்தான்.

என் கதைக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் எங்கள் ஊரில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் மூன்று வருடம் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான். எங்கள் தெருமுனை விளக்குக்காக நான் நாலு மனு எழுதினேன். "எலெக்‌ஷன் வரட்டும்மா" என்றார்கள். கடைசியில் நாலு வீட்டுக்காரர்கள் காசு போட்டு பல்பு வாங்கி மாட்டினோம்.

போன தேர்தலுக்கு ஒரு பையன் வாக்காளர் பட்டியலோடு வந்தான். என் பெயருக்கு நேரே பென்சிலால் டிக் போட்டுவிட்டு ஒரு கவரை நீட்டினான். வேண்டாம் என்றேன். "அக்கா, நீங்க வாங்கலைன்னா நான் எடுத்துக்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க" என்று அழாக்குறையாக நின்றான். அவனுக்காக வாங்கினேன். இன்னமும் பருப்பு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. அன்றைக்குப் பூத்துக்குப் போய் நோட்டாவை அமுக்கினேன். மூன்றாவது முறை அது.

இப்போது கேள்வி. நோட்டாவை அமுக்குவதும் வீட்டில் படுத்துத் தூங்குவதும் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஓட்டு நம் கடமை" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதைப் பள்ளிக்கூடச் சுவரிலேயே படித்துவிட்டேன்.

பூத் வாத்தியார்:

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏழெட்டுத் தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவன். முடிவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர். டெபாசிட் போகிறதா என்று பார்க்கிற ஆறில் ஒரு பங்குக் கணக்கில்கூட நோட்டாவைச் சேர்ப்பதில்லை. 2024-இல் இந்தூரில் நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல் விழுந்தது. வென்றவர் வழக்கம்போல டில்லிக்குப் போனார்.

ஆனால் 2013-இல் உச்ச நீதிமன்றம் நோட்டா கொடுக்கச் சொன்னதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரியுமா? 49-ஓ என்று ஒரு விதி. 17-ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபிறகு, "யாருக்கும் போட விருப்பமில்லை" என்று எங்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் பூத்தில் ஒரே ஒரு தடவை ஒரு இளைஞர் கேட்டார். நான் பதிவேட்டில் எழுதி முடிப்பதற்குள் ஏஜெண்டுகள் அத்தனை பேரும் எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே போகும்போது அவருக்கு வியர்த்துவிட்டது. நீங்கள் யாருக்கும் தெரியாமல் அமுக்குகிறீர்களே, அந்த மறைப்புக்காகத்தான் வழக்கே நடந்தது. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நான் நோட்டா போடுகிற ஆள் இல்லை, அது வேறு.

இன்னொன்று. தூங்கப்போவதாக இருந்தால் உங்கள் பெயரில் வேறு யாரும் போட்டுவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு தூங்குங்கள்!

மஞ்சள் மண்டி:

அக்கா, நம்ம ஈரோடுதானுங்க. வியாபாரத்துக்காகத் தெலங்கானாவில் இருக்கிற நிஜாமாபாத் போய்வருகிற ஆள் நான். உங்க அப்பா செய்ததை 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே செய்தார்கள். மஞ்சளுக்கு விலை கேட்டு, வாரியம் கேட்டு, விவசாயிகளே இறங்கியதில் வேட்பாளர்கள் 185 பேர். நாடாளுமன்றத்துக்கு டெபாசிட் 25,000, அதையும் கட்டினார்கள். பன்னிரண்டு ஓட்டு மெஷின்களை வரிசையாக வைத்து ஓட்டு வாங்க வேண்டியதாயிற்று. அப்போதைய முதலமைச்சர் மகளே அங்கே தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருகிறேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் ஜெயித்தார். 2025 ஜனவரியில் வாரியம் திறந்தார்கள். விலை ஏறியதா என்று மட்டும் கேட்காதீங்க, மண்டிக்காரன் வாயால் அதைச் சொல்லக் கூடாது. ஆனால் நோட்டா அமுக்கியிருந்தால் ஒரு பயலும் பத்திரத்தில் எழுதியிருக்க மாட்டான்.

சும்மா ஒருத்தன்:

அந்தக் கவரில் எவ்வளவு இருக்கு என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?

கொடுமுடிக்காரி:

பிரித்தே பார்க்கவில்லை தம்பி. நம்பினால் நம்புங்கள்.

வாத்தியார் ஐயா, அந்த 49-ஓ இளைஞரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மண்டிக்காரர் சொல்வதும் சரிதான், ஆனால் 185 பேர் சேர எனக்கு ஊரில் ஐந்து பேர்கூட இல்லை. எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் பெங்களூரில்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டு ஆறு ஓட்டில் அப்பாவுக்குப் போடாமல் விட்ட இரண்டு பேர் யார் என்று சும்மா கேட்டேன். ஒன்று அப்பத்தா, இன்னொன்று யார்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "நாந்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏம்மா என்றால், "தப்பித் தவறி ஜெயிச்சு மெட்ராசுக்குப் போயிட்டா மாட்டை யாரு பாக்கறது?"

ஜெயிலில் வைத்துக் கேட்டிருந்தாலும் அப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டாராம்.