50 கிகாபிட் ஒளிப் பண்பேற்றி: மைக்ரோ ரிங் போதுமா, மாக்-ஜெண்டர்தான் வழியா?

கேள்வி: அலைவழி_மாணவி

வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக, 220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் படலத்தில், 1310 நானோமீட்டர் அலைநீளத்தில், நொடிக்கு 50 கிகாபிட் வேகத்தில் இயங்கும் பண்பேற்றி (மின்குறிகளுக்கு ஏற்ப ஒளியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு) ஒன்றை வடிவமைத்து வருகிறேன். ஒரே அலைவழியில் நான்கு அலைநீளங்களை அனுப்ப வேண்டும். சில்லில் இடமோ மிகக் குறைவு. ஒளியை இரு கைகளாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் மாக்-ஜெண்டர் அமைப்பை எடுத்தால் அதன் கைகளே 2 மில்லிமீட்டர் நீளுகின்றன. 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ரிங்கில் (வளைய வடிவ அலைவழி) இடப் பிரச்சினை தீர்கிறது. ஆனால், க்யூ மதிப்பு (ஒளி ரிங்குக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதன் அளவு) 10,000 இருக்கும்போது குறைந்த மின்னழுத்தத்திலேயே ஒளி நன்றாக அணைந்து எரிந்தாலும், 50 கிகாபிட்டில் கண் வரைபடம் (பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து 0, 1 பிரிந்து தெரிகிறதா என்று பார்க்கும் படம்) மூடிக்கொள்கிறது. மின்தடையைக் குறைத்துப் பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை. எதைத் திருத்த வேண்டும்?

பதில் 1: பிஎன்_சந்தி

சிக்கல் மின்சுற்றில் இல்லை, ஒளியில் இருக்கிறது. ரிங் இவ்வளவு சிறியதாக இருந்தும் வேலை செய்வதற்குக் காரணம், ஒளி அதற்குள் பலமுறை சுற்றிவருவதுதான். அந்தச் சுற்றல் முடியும் வரை வெளியே வரும் ஒளியின் அளவு முழுதாக மாறாது. 1310 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் சுமார் 229 டெராஹெர்ட்ஸ். அதை க்யூவால் வகுத்தால் ஒளிவழி அலைவரிசை கிடைக்கும்: 10,000 என்றால் வெறும் 23 கிகாஹெர்ட்ஸ். உங்களுக்கு ஏறத்தாழ 35 வேண்டும். க்யூவை 4,000க்கு இறக்கினால் 57 கிகாஹெர்ட்ஸ் வரும். ரிங்கில் உள்ள பிஎன் சந்தியின் (மின்னழுத்தம் தரப்படும் டயோடு) மின்தேக்குத் திறன் 20 ஃபெம்டோஃபாரட், மொத்த மின்தடை 100 ஓம் என்று கொண்டால் மின்சுற்றின் வரம்பு 80. இரண்டும் சேர்ந்து 46 கிகாஹெர்ட்ஸ் தரும்.

க்யூவைக் குறைக்க, அலைவழிக்கும் ரிங்குக்கும் உள்ள இடைவெளியை மட்டும் சுருக்காதீர்கள். பிணைப்பு மிஞ்சிப்போய் ஒளி முழுதாக அணையாது. சந்தியின் டோப்பிங்கையும் (சிலிக்கனில் கலக்கும் அயல் அணுக்களின் அளவு) சேர்த்துக் கூட்டுங்கள். ஒளியிழப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு வோல்ட்டுக்குக் கிடைக்கும் அலைநீள நகர்வும் கூடுவதால், க்யூவைக் குறைத்ததில் இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

பதில் 2: வெப்பக்கணக்கு

மேலே சொன்னது சரி. ஆனால் ரிங்கின் செலவு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. சிலிக்கன் ரிங்கின் ஒத்ததிர்வு (ரிங்குக்குள் ஒளி சிக்கிக்கொள்ளும் அலைநீளம்) ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.06 நானோமீட்டர் நகரும். க்யூ 4,000 என்றால் ஒத்ததிர்வின் அகலமே 0.33 நானோமீட்டர்தான். பண்பேற்றம் நடப்பது அதன் சரிவில் என்பதால், ஒரு டிகிரி மாறினாலே கண் கலங்கத் தொடங்கும். அலைவழியின் அகலம் உற்பத்தியில் ஒரு நானோமீட்டர் பிசகினாலும் ஒத்ததிர்வும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் விலகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு ஹீட்டர், ஒரு ஒளியுணரி, அவற்றை இணைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியவை கட்டாயம். பரப்பளவைக் கணக்கிடும்போது இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளில் ரிங்கின் விட்டத்தை மட்டும் போட்டுப் பெருமைப்படுவது வழக்கம்.

ஆற்றலையும் பாருங்கள். 20 ஃபெம்டோஃபாரட்டை 2 வோல்ட் வீச்சில் இயக்க ஒரு பிட்டுக்கு 20 ஃபெம்டோஜூல் போதும். ஹீட்டர் 5 மில்லிவாட் எடுத்தால், 50 கிகாபிட்டில் அது பிட்டுக்கு 100 ஃபெம்டோஜூல். பண்பேற்றியை விட அடுப்புக்கு ஐந்து மடங்கு செலவு! ரிங்கின் அடியிலுள்ள சிலிக்கனை அரித்தெடுத்து வெப்பம் கசியாமல் செய்தால் இது வெகுவாகக் குறையும்.

இன்னொன்று: ஆய்வகத்தில் லேசரைக் குறைந்த அலைநீளத்திலிருந்து கூடுதலுக்கு நகர்த்தும்போது ஒத்ததிர்வின் பள்ளம் ஒருபக்கம் சாய்ந்த முக்கோணமாகத் தெரிந்தால், கருவி பழுதென்று நினைக்க வேண்டாம். ஒளித்திறன் அதிகமாகி ரிங் தானே சூடாகிறது.

பதில் 3: பழைய_லேசர்

மாக்-ஜெண்டரில் இரு கைகளும் சேர்ந்தே சூடாவதால் வெப்பத் தொல்லை பெரிதும் குறையும். நிதானமான தேர்வு அதுதான். ஆனால் சிலிக்கனில் அரையலை மின்னழுத்தத்தை (ஒளியை முழுதாக எரிந்த நிலையிலிருந்து அணைக்கத் தேவையானது) நீளத்தால் பெருக்கி வருவது 2 வோல்ட்-சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், 2 மில்லிமீட்டருக்கு 10 வோல்ட் கேட்கும். மெல்லிய லித்தியம் நயோபேட் படலம் குறைந்த ஒளியிழப்பிலும் வேகத்திலும் சிலிக்கனை மிஞ்சுகிறது; 2018இல் ஹார்வர்டு குழு 1.4 வோல்ட்டில் இயங்குவதைக் காட்டியது, ஆனால் அதன் நீளம் 2 சென்டிமீட்டர். உங்கள் இடத்துக்கு ஒத்துவராது. ஜெர்மேனியம்-சிலிக்கன் உட்கவர் பண்பேற்றி (ஒளியை உறிஞ்சி அணைப்பது) சில பத்து மைக்ரோமீட்டரில் அடங்கும், ஆனால் 1550 நானோமீட்டரை ஒட்டித்தான் வேலை செய்யும். 1310இல் ஒளியை எப்போதும் விழுங்கிவிடும்.

ஆக, ரிங்தான் உங்களுக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 12 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ரிங் பண்பேற்றியைக் காட்டியது 2005இல். என்விடியா தன் வலையமைப்பு சுவிட்சுகளில் இதை அறிவித்தது 2025இல். இடையில் ஓடிய இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி பதில் 2 சொல்லும் வெப்பக் கட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டியதில் போயிற்று.

அலைவழி_மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. க்யூவை 4,000க்கு இறக்கியதும் கண் திறந்துவிட்டது. நான்கு அலைநீளங்களை 1.1 நானோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக வைக்கலாமா?

வெப்பக்கணக்கு

லேசர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் வேண்டாம். உங்கள் ரிங்கின் ஒத்ததிர்வு சுமார் 13 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். நான்கையும் 3.25 நானோமீட்டர் இடைவெளியில் சமமாகப் பரப்பினால், உற்பத்தியில் எந்த ரிங் எங்கே போய் விழுந்தாலும், அடுத்துள்ள அலைநீளத்தைப் பிடிக்க அதிகபட்சம் 54 டிகிரி சூடாக்கினால் போதும். எந்த ரிங் எந்தத் தடத்தைச் சுமக்கிறது என்பதை மின்சுற்றிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு சிறு மாற்றி சுவிட்சுக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிடுங்கள்.