சுரங்கப் பாதைக்கு எத்தனை விளக்குகள் தேவை? கணக்கில் ஓர் ஐயம்

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூரில் மின் வடிவமைப்புப் பணியில் இருக்கிறேன். இதுவரை பார்த்ததெல்லாம் அலுவலகங்களும் கார் நிறுத்துமிடங்களும்தான். இப்போது நிலத்தடிச் சுரங்கம் ஒன்றில் 30 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள பாதைக்குத் தரையில் சராசரியாக 50 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) கேட்கிறார்கள். 120 சதுர மீட்டரை 50ஆல் பெருக்கினால் 6,000 லூமன் (மொத்த ஒளியின் அளவு) வருகிறது. அப்படியானால் 4,000 லூமன் விளக்குகள் இரண்டை, 3 மீட்டர் உயரத்தில், 15 மீட்டர் இடைவெளியில் மாட்டினால் போதுமா? இவ்வளவு குறைவாக வருவதுதான் உறுத்துகிறது.

பட்டர்வொர்த் பொறியாளர்:
போதாது. விளக்கு உமிழும் ஒளி முழுவதும் தரைக்கு வருவதில்லை. வெள்ளைச் சுவர் கொண்ட அலுவலகத்தில் சிதறும் ஒளியில் பெரும்பகுதி திரும்பிவிடும். கரும்பாறை அதை விழுங்கிவிடும். எனவே பயன்பாட்டுக் காரணியை (உமிழும் ஒளியில் தரையை அடையும் பங்கு) 0.3 என்றும், தூசியும் ஈரமும் கண்ணாடியில் படிவதால் பராமரிப்புக் காரணியை (நாளடைவில் மங்கிய பின் எஞ்சும் ஒளியின் பங்கு) 0.5 என்றும் நான் எடுத்துக்கொள்வேன். 6,000ஐ இவ்விரண்டாலும் வகுத்தால் 40,000 லூமன், அதாவது பத்து விளக்குகள்.

சராசரியை மட்டும் நம்பவும் வேண்டாம். எல்லாத் திசையிலும் சமமாக ஒளி வீசும் 4,000 லூமன் விளக்கின் ஒளிச்செறிவு (ஒரு திசையில் செல்லும் ஒளியின் வலிமை) ஏறக்குறைய 318 கேண்டலா. நீங்கள் சொல்லும் இடைவெளியில், பாறையிலிருந்து திரும்பும் ஒளியை விட்டுவிட்டால், விளக்கு புதிதாக இருக்கும்போதே நேர்கீழே 35 லக்ஸ் கிடைக்கும். இரு விளக்குகளுக்கும் நடுவே 4 லக்ஸ்கூடத் தேறாது. வெளிச்சத்திலிருந்து அந்த இருட்டுக்குள் நடப்பவரின் கண் பழகுவதற்குள் கால் தண்டவாளத்திலோ குழாயிலோ இடறிவிடும்.

சுரங்கப் பாதுகாப்புப் பணியாளர்:
ஐயா கூறியது சரி. ஆயினும் லக்ஸ் என்பது விழும் ஒளியின் அளவுதான், கண்ணுக்குத் தெரிவது திரும்பும் ஒளி. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதிகள், பணியிடப் பரப்புகளின் ஒளிர்வு (பரப்பிலிருந்து கண்ணை நோக்கித் திரும்பும் ஒளியின் அளவு) 0.06 ஃபுட்லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 கேண்டலா இருக்க வேண்டும் என்று கூறுவது அதனால்தான். நிலக்கரி 4 விழுக்காடு ஒளியையே திருப்புவதாகக் கொண்டால், அந்த ஒளிர்வுக்குச் சுமார் 16 லக்ஸ் விழ வேண்டும். வெடிப்பைத் தடுக்கத் தூவப்படும் சுண்ணாம்புக்கல் தூள் படிந்த சுவருக்கு அதில் சிறு பகுதியே போதும்.

செந்தூல்வாசி:
மிக்க நன்றி. தொழிலாளர்கள் தலைக்கவச விளக்கும் அணிவார்களே, அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா?

சுரங்கப் பாதுகாப்புப் பணியாளர்:
கூடாது. அது பார்க்கும் திசையில் மட்டும் குறுகிய கற்றையாக விழும். பக்கவாட்டில் வரும் வண்டியையும் தளர்ந்து தொங்கும் பாறையையும் காட்டாது. மேலும், தாழ்ந்த கூரையில் வெற்று விளக்கை மாட்டினால் கண் கூசும். பத்து விளக்குகளுக்கும் மங்கலான மூடி போட்டு, அது குறைக்கும் ஒளியையும் சேர்த்து மீண்டும் கணக்கிடுங்கள். மீத்தேன் வாயு உள்ள சுரங்கமானால், வெடிப்புக் காப்புச் சான்று பெற்ற விளக்குகளின் லூமன் அளவைக் கொண்டே தொடங்குங்கள்.