டாடா 1210 கேபின்: ஒட்டுப் போடுவதா, புதிதாகக் கட்டுவதா?

கேள்வி: அப்பா ஓட்டிய லாரி. பானட் (முன்பக்க எஞ்சின் மூடி) கெட்டியாக இருக்கிறது, கேபின்தான் மோசம். கதவுக்குக் கீழே விரல் வைத்தாலே தகடு உதிர்கிறது. கிளட்ச் பக்கம் குனிந்தால் ரோடு தெரிகிறது. டிங்கரிங் போதுமா, நாமக்கல்லில் புதிதாகக் கட்டிவிடலாமா?

பதில்: முதலில் சேஸிஸை, அதாவது லாரியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டிப் பாருங்கண்ணே. 'ணங்' என்றால் சரி. சத்தம் மந்தமாக வந்து செதில் உரிந்தால் கேபினுக்குச் செலவு செய்வதே தண்டம்.

பதில்: அந்தக் காலத்து கேபினில் தகட்டுக்குள் மரச்சட்டம் இருக்கும். அது உளுத்திருந்தால் புதுத் தகட்டை எதில் அடிப்பீர்கள்? துருவை அறுத்தெடுக்காமல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசினால் அடுத்த மழைக்கே கொப்பளம் கிளம்பும்.

கேட்டவர்: தட்டினேன், சேஸிஸ் கெட்டி. மரம்தான் போச்சு.

பதில்: அப்போ கேபினை மட்டும் கட்டுங்க. பானட், கிரில்லை மட்டும் பட்டறையில் விட்டுவிட்டு வந்துடாதீங்க!