ரிவால்வர்: மோனோவா, 2022 மிக்ஸா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. அப்பா பிறந்த 1966இல் வந்த பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' இசைத்தட்டை அவருக்கு வாங்கிக் கொடுக்க ஆசை. 2022 மறுவெளியீட்டில்தான் குழப்பம். அன்று நான்கே ஒலித்தடங்கள் (டிராக்) கொண்ட டேப்பில் ஒரே தடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த டிரம்ஸ், பேஸ், கிட்டாரைக் கணினியால் பிரித்து, இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் ஸ்டீரியோவில் (இடம், வலம் என இரு பக்க ஒலி) புதிதாகக் கலந்திருக்கிறார், அதாவது மிக்ஸ் செய்திருக்கிறார். ஹெட்போனில் கேட்டேன். ரிங்கோவின் டிரம்ஸ் அவ்வளவு தெளிவு, மெய்சிலிர்த்தது! ஆனால் பழைய மோனோவில் (எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் பதிப்பு) எல்லாம் சேர்ந்து மோதுகிற அந்த இறுக்கம் இதில் குறைந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. அப்பாவின் பிளேயருக்கு வேறு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான்.

இரண்டையும் தட்டிலேயே கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்களேன், எதை வாங்கலாம்? மோனோ என்றால் கொழும்பில் எங்கே தேடுவது? நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டை, நுகேகொடை வரை வரலாம்.